இணைமொழிகள்

மேடு பள்ளம், வீடு வாசல், பழக்க வழக்கம் என இரண்டிரண்டாய் வரும் சொற்களை நாள்தோறும் வழங்குகின்றோம். இவற்றுட் பலவற்றில் பின்வருஞ்சொல் ஓசை நிரப்ப வந்ததேயென்று யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் ஒரு விடுமுறையில் எம்மை நாணச் செய்தது.

திருமங்கலத்தை அடுத்த கரிசற்காட்டூர் ஒன்றில் எம் பெரியப்பா தம் மக்கள் இருவர்க்கும் பாகம் பிரித்தார். கல்லூரியிற் பயில்வோரென்னும் மதிப்பினால் பட்டியலெழுதும் பணியை எமக்குத் தந்தார். "தோட்டம் துரவு இரண்டிலும் சரிபாதி" என்று அவர் சொல்ல, துரவு வெற்றோசையென்று கருதி, "தோட்டத்திற் சரிபாதி" என எழுதினோம். சுருங்கச் சொல்லுதல் அழகென்று கற்றவரன்றோ யாம்!

மாலையில் உறவினர் முன் பட்டியல் படிக்கப்பட்டது. கிணறோ மூத்தவர் பங்கில் இருந்தது. இளையவர் முகம் வாடி, "எனக்குக் கிணற்றில் பாத்தியம் இல்லையா, அப்பா?" என்றார். மூத்தவர் வாய் திறந்திலர். பெரியப்பா எம்மை நோக்கி, "துரவை எங்கே விட்டாய், தம்பி?" என்றார்.

"அதற்குத் தனிப்பொருள் உண்டோ, பெரியப்பா?"

"துரவென்றால் இறைக்கிற பெருங்கிணறப்பா. துரவில்லாத தோட்டத்தில் எதை விளைவிப்பது?"

1895-இல் முடிவுற்ற பெரியாற்று அணையின் நீர் மேலூர் வயல்களைச் செழிப்பிக்கின்றது. அவ்வூருக்கோ கிணறே உயிர். யாம் விட்ட ஒரு சொல் உடன்பிறந்தாரைப் பகைவராக்கியிருக்கும். பட்டியலை அன்றே திருத்தி எழுதினோம்.

கல்லூரிக்கு மீண்டதும் தமிழ் லெக்சிகனைப் புரட்டினோம். மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர் ஐயர் 1913-இல் பதிப்பாசிரியராய்த் தொடங்கிய பணி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாய் வெளிவந்தது. துரவு பெருங்கிணறேயென்று அதுவும் கூறிற்று. பின்னர்ப் பிற இணைகளையும் ஆராய்ந்தோம். 'குண்டும் குழியும்' என்பதிற் குண்டு உருண்டையன்று, ஆழமான பள்ளம். 'கூடமாட' என்பதில் மாடு விலங்கன்று, பக்கம். 'ஈவிரக்கம்' என்பதில் ஈவு கொடை. மனத்தின் இரக்கமும் கையின் கொடையும் அங்கு ஒருங்கு நிற்கின்றன.

அங்ஙனமாயின் 'புலி கிலி' என்பதிற் கிலிக்குப் பொருளென்னை எனின், அது எதிரொலியே. ஆயினும் புலியும் அதுபோல்வனவும் என இனத்தைத் தழுவுதல் அதன் தொழில். தெலுங்கரும் கன்னடரும் இவ்வாறே 'கி' சேர்த்து வழங்குகின்றனர். வெற்றோசையும் வீணோசையன்று.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், முதியோர் சொல்லும் இணைமொழிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். பொருள் விளங்காத சொல்லை நீக்குமுன் அவர்களை ஒருமுறை வினவுங்கள். யாம் வினவாமையால் ஒருவர் கிணற்றையே இழக்க நேர்ந்திருக்கும்.