நாலாகப் பிளந்த குச்சி

ஒரு தீக்குச்சியை நீளவாக்கில் நாலாகப் பிளக்க முடியுமா? போன வாரம் ஒரு ராத்திரி, எழுத வேண்டியதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பிளேடும் தீப்பெட்டியுமாக உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஏழெட்டுக் குச்சிகள் பாழானதுதான் மிச்சம். இரண்டாகப் பிளப்பதற்குள்ளேயே மருந்து உதிர்ந்து போகிறது. அதற்கெல்லாம் கைப்பழக்கம் வேண்டும்.

1930-களில் போலந்துக் குடியானவர்களுக்கு அந்தக் கைப்பழக்கம் இருந்தது. 123 வருஷம் அந்நியரிடம் இருந்த தேசம் 1918-ல் விடுதலை பெற்றது. ஜனங்களில் நாலில் மூன்று பங்கு கிராமத்தார். பத்து வருஷம் ஏதோ ஓடிற்று. பிறகு உலகம் முழுதும் மந்தம். தானிய விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. கடையில் வாங்குகிற சாமான் விலை அந்த அளவு இறங்கவில்லை. உப்பு சர்க்கார் ஏகபோகம். தீப்பெட்டியும் அப்படியே; அதை 1925-ல் சுவீடன் தேசத்துத் தீப்பெட்டி ராஜா ஈவார் குருகரின் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். 1932-ல் அந்த ராஜா பாரிஸில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். ஏகபோகம் மாளவில்லை.

உருளைக்கிழங்கு வேகவைத்த உப்புத் தண்ணீரைக் கொட்ட மாட்டார்களாம். அடுத்த வேளைக் கிழங்குக்கும் அதுவேதான். முட்டையும் வெண்ணெயும் சந்தைக்குப் போகும், குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிறவர்கள் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள். கோவில் கிட்டத்தில் வந்ததும் காலைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்வார்கள். வறுமைதான், ஆனால் கடவுளுக்கு முன்னால் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை!

இதெல்லாம் எந்த நாவலாசிரியரும் எழுதி நமக்குத் தெரிந்ததல்ல. 1933-ல் வார்ஸாவில், லுத்விக் க்ஷிவிட்ஸ்கி என்ற பெரியவர் தலைமையிலிருந்த சமூகப் பொருளாதார நிலையம், 'குடியானவர்களே, உங்கள் வாழ்க்கையை நீங்களே எழுதி அனுப்புங்கள்' என்று ஒரு போட்டி வைத்தது. ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவாகக் கையெழுத்துப் பிரதிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றை 1935-லும் 1936-லும் இரண்டு பாகங்களாகப் போட்டார்கள்.

அதே வார்ஸாவில், சியெமியான்ஸ்கா காபிக் கடையின் மாடித்தட்டில், யூலியன் துவிமும் அந்தோனி ஸ்லோனிம்ஸ்கியும் தங்களுக்கென்று ஒரு மேஜை போட்டுக்கொண்டு கவிதையும் கேலியுமாகப் பொழுதுபோக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்த மேஜைக்காரன்தான். என்னை எழுதச் சொல்லியிருந்தால், 'ஏழ்மையில் வாடினார்கள்' என்று நாலு பக்கம் கண்ணீரோடு எழுதியிருப்பேன். குச்சியைப் பிளக்க எனக்குத் தோன்றியிருக்காது.

ஒன்று மட்டும் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காகிதமும் மையும் தபால் தலையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. பகலெல்லாம் வயலில் வேலை. வீடு தூங்கின பிறகு எழுத உட்கார்ந்த அந்த மனுஷன், விளக்கேற்றுவதற்கு நாலில் எத்தனையாவது துண்டைக் கிழித்தானோ?