லோ கியர் விழவில்லையா? முதலில் வெளியே பாருங்கள்!

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குத் தார்ச்சாலையிலிருந்து இறங்கும் பாதைகளில் பலவும் மண்பாதைகள்தான். காப்பி, மிளகு, மலைவாழை, சௌசௌ என்று எது விளைந்தாலும், அந்த ஏற்றத்தில் ஏற்றி மேலே கொண்டுவந்தால்தான் காசு. அங்கே நாலு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர், மிளகு நன்றாக விளைந்த ஒரு வருடத்தில் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். ஆள் கூலிக்கும் தலைச்சுமைக்கும் போன பணம் அதன் பிறகுதான் கையில் நின்றது.

அந்த வண்டியில் மெயின் கியர் ராடுக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ராடுகள் உண்டு. ஒன்று முன் சக்கரங்களுக்கும் இழுவையைச் சேர்ப்பது. மற்றொன்று ஹை, லோ மாற்றுவது. இரண்டும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குள் வேலை செய்பவை. ஆடி மாதத்திலிருந்தே இரண்டு ராடும் இறுக ஆரம்பித்தன. பக்கத்து ஊர் ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, "பாக்ஸை இறக்கிப் பிரிச்சாதான் தெரியும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, காப்பி எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். மகனோ, "வித்துடலாம்ப்பா" என்றான்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் மாலை, இருபது மூட்டை சௌசௌவுடன் வண்டி ஏற்றத்தில் பாதி தூரம் வந்து வழுக்கியது. நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முன் சக்கர ராடைத் தள்ளினார். போனதுபோல் இருந்தது. லோ ராடை இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். 'டக்' என்று வந்தது. லோ விழுந்துவிட்டது என்று நினைத்து, கிளட்சை விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

எஞ்சின் இரைந்தது. வண்டி பின்னால் போனது.

மழைக்காலத்தில் வண்டிக்குப் பக்கவாட்டில் கையில் கல்லோடு நடந்து வருவது அவர் மனைவியின் வழக்கம். "என்னங்க, பிரேக்க மிதிங்க!" என்று கத்திக்கொண்டே கல்லைப் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டார். வண்டி நின்றது. பின்னால் நாலு முழம் தள்ளிப் பள்ளம். அன்று ரிவர்ஸிலேயே மெதுவாகக் கீழே இறக்கி, மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்தார்கள். மறுநாள் அத்தனையும் தலைச்சுமையாகவே மேலே போயின.

வெயில் கண்டதும் காலி வண்டியை வத்தலக்குண்டுக்கு ஓட்டிப் போனார். பழைய ஜீப்புகளிலேயே தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் அங்கே உண்டு. எல்லோருக்கும் அவர் 'பாய்'. அவர் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார்.

"போடும்போது இறுகுதா தம்பி, எடுக்கும்போது இறுகுதா?"

"ரெண்டும்தான் பாய்."

"தார்ரோட்டுல முன் சக்கரத்தைப் போட்டு ஓட்டுனீங்களா?"

அவர் மகனைப் பார்த்தார். பாரம் ஏற்றினால் இழுவை நன்றாக இருக்கிறது என்று மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வரைக்கும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறான்.

பாய் விளக்கினார். இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். சேறு என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியர் பற்களிலும் ஏறி நிற்கும். அப்போது ராடை எடுத்தால் வராது. நேராக ரிவர்ஸில் சில அடி போனால் முறுக்கு விட்டு, ராடு தானாக இளகும்.

முறுக்கு ஏற இன்னொரு காரணமும் இருந்தது. பின்னால் புது டயர், முன்னால் தேய்ந்த டயர். காற்றைச் சரிபார்த்துவிட்டு, டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்தார் பாய். பின்சக்கரம் ஒரு சுற்றில் 220 சென்டிமீட்டர் போனது, முன்சக்கரம் 216. ஐம்பது சுற்று உருள்வதற்குள் இரண்டு மீட்டர் வித்தியாசம். நேர்சாலையில் போனாலும் முறுக்கு ஏறும். நாலு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, சமதரையில் நாலு சக்கரத்துக்கும் கட்டை போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் போனார். ராடுகளைக் கழற்றிவிட்டு, பாக்ஸிலிருந்து வெளியே நீளும் தண்டுகளை மட்டும் நெம்பி அசைத்தார். இரண்டும் சீராக நகர்ந்தன.

"பாக்ஸு நல்லாத்தான் இருக்கு தம்பி. கோளாறு வெளியில."

ராடுகள் ஆடும் பின் துருப்பிடித்து இறுகியிருந்தது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் சேற்றில் புதைந்து கிடந்தது. தரையில் ராடைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்து, அந்த வழியாகத்தான் சேறு இறங்கியிருக்கிறது. வாடிய செடியை வேரோடு பிடுங்கிப் பார்ப்பதற்கு முன் வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். பின்னைச் சுத்தம் செய்து, கிரீஸ் அடித்து, புது உறை போட்டதும் ராடு ஒரு கையில் விழுந்தது.

அப்படியானால் அன்று மலையில் நடந்தது என்ன? முன் சக்கரம் முழுதாகச் சேராதவரை லோ விழாதபடி அந்த வண்டியின் பாக்ஸுக்குள்ளேயே ஒரு பூட்டு இருக்கிறது. பின் இறுகியிருந்ததால் முன் சக்கர ராடு பாதிதான் போயிருந்தது. அதனால் பலமாக இழுத்த லோ ராடு ஹையிலிருந்து விடுபட்டு, லோவுக்கும் போகாமல், நடுவில் நியூட்ரலில் நின்றுவிட்டது. அந்த நிலையில் மெயின் கியர் எதில் இருந்தாலும் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும்.

"சரி பாய், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேனே?"

பாய் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்பக்கத்தைக் காட்டினார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் டிரம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலிருந்த ஆயில் சீல் கசிந்து, பிரேக் லைனிங் முழுக்க எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ராடு இறுகியதைப் பற்றியே மூன்று மாதம் யோசித்தவர், ஹேண்ட் பிரேக்கை ஒருநாள்கூடச் சோதித்ததில்லை. சீலும் லைனிங்கும் மாற்றப்பட்டன. அடைத்திருந்த மூச்சுத் துளையும் சுத்தமானது. அது அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் கூடி, எண்ணெயை சீல் வழியே வெளியே தள்ளும்.

எண்ணெய் மாற்றும்போது பாய் மேலே ஊற்றும் பிளக்கைத்தான் முதலில் கழற்றினார். கீழே வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் கழலாவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெய் அந்தத் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். பால் கலந்த டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புத் துணுக்கு வந்தாலோ, ராடைக் கழற்றிய பிறகும் தண்டு நகராவிட்டாலோ, ஓடும்போது கியர் தானாக விடுபட்டாலோதான் பாக்ஸைப் பிரிக்கும் வேலை. எண்ணெய் ரகத்துக்கு வண்டிக் கையேட்டைப் பாருங்கள். ஒரே ராடு உள்ள வண்டிகளில் போடும் முறை மாறும், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய் கடைசியாகச் சொன்னது: ஏற்றத்தில் நின்றுகொண்டு லோ தேடக் கூடாது. கீழே சமதரையிலேயே, முன் சக்கரத்தில் ஹப் லாக் இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டி, வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுதாக மிதித்து, முதலில் முன் சக்கர ராடு, அடுத்து லோ. விழாவிட்டால் வண்டியை ஒரு முழம் நகர்த்திவிட்டு மறுபடி போட வேண்டும். அப்போது பல்லுக்குப் பல் நேராக வரும். எடுக்கும்போது முதலில் ஹை, பிறகு முன் சக்கரம். எதற்கும் பலம் காட்டக் கூடாது.

மொத்தச் செலவு, பாக்ஸைப் பிரிக்கக் கேட்ட தொகையில் கால்வாசிகூட வரவில்லை. வண்டியை விற்கும் பேச்சு நின்றது. அந்த வருடக் காப்பி முழுக்க அதில்தான் ஏறியது. கல்லுக்குப் பதிலாக இப்போது கயிறு கட்டிய பலாக்கட்டை ஒன்று வண்டியின் பின்னால் தொங்குகிறது. ஏற்றத்துக்கு முன் வண்டி நின்றதும் அவர் மனைவி அதை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்பார்.

"முன்னாடி முழுசா விழுந்துச்சா? ஹேண்ட் பிரேக் பிடிக்குதா?"

இரண்டுக்கும் 'ஆமா' என்ற பிறகுதான் வண்டி நகரும்.