ஐந்து கிலோ பொய்

காய்கறிக் கடையில் ஐம்பது கிராம் குறைந்தாலும் வாதாடுகிறவர்கள் நாங்கள். 2023 அரையாண்டு விடுமுறையில், பல் மருத்துவரின் அறையில் ஐந்து கிலோவைக் குறைத்துச் சொன்னோம்.

மகனுக்கு அப்போது வயது எட்டு. கடைவாய்ப் பால்பற்கள் இரண்டில் ஆழமான சொத்தை. ஊசியைக் கண்டாலே அலறுபவன் ஆதலால், மருந்தைக் குடிக்கக் கொடுத்து அரைமயக்கத்தில் சிகிச்சை செய்யலாம் என்றார் மருத்துவர். எடை எவ்வளவு என்று அவர் கேட்டபோது பையனும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். வகுப்பில் அவனுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை நாங்கள் அறிவோம். 36 என்றோம். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் மூலையிலிருந்த எடைக்கருவியைக் காட்டினார். 41.

'நிறை' என்ற சொல்லுக்கு எடை என்றும் மனவுறுதி என்றும் பொருள் சொல்லித் தருகிற தமிழாசிரியர்கள் நாங்களிருவரும். அன்று இரண்டிலும் குறைந்து நின்றோம்.

மிடாசோலம் என்னும் அம்மருந்தைக் குடிக்கக் கொடுக்கையில் வழக்கமாகக் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 மில்லிகிராம் வரை கணக்கிடுகிறார்கள். மொத்தம் 20 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. எடையைக் குறைத்துச் சொன்னால் மருந்து சற்றுக் குறையும், அதனால் என்ன கெட்டுவிடும் என்பது எங்கள் எண்ணம். அவருடைய கவலையோ வேறாக இருந்தது. பருத்த குழந்தைக்கு மொத்த எடையையும் வைத்து அளந்தால் மருந்து மிகுந்துவிடக்கூடுமாம். உயரத்துக்குரிய எடையைக் கொண்டே அளப்பேன் என்றார். அதைவிட அவர் அஞ்சியது மூச்சைக் குறித்து. மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். சுற்றியுள்ள சதையும் சேர்ந்து காற்றுவழியை அடைக்கலாம். நுரையீரலில் இருப்புக் காற்றும் இத்தகைய பிள்ளைகளுக்குக் குறைவு என்பதால் ஆக்சிஜன் விரைவில் இறங்கிவிடும்.

"தூக்கத்தில் குறட்டை விடுவானா?"

விடுவான். அதை வீட்டில் வேடிக்கையாகவே பேசி வந்திருக்கிறோம்.

அன்று சிகிச்சை நடக்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி, டான்சில்களைப் பார்க்கச் செய்து, மூன்று வாரம் கழித்து மயக்கவியல் மருத்துவர் உடனிருக்க, விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டி, குறைந்த அளவில் மருந்து கொடுத்தார்கள். கசப்பு தாளாமல் கொஞ்சம் துப்பினான். எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாத நிலையில் மறுபடி ஊற்றக் கூடாது என்றார்கள். முதற்பல் அமைதியாக முடிந்தது. இரண்டாவதைத் தொட்டதும் அழுதான், நிறுத்திவிட்டார்கள். ஒரு பல்லுக்காக இன்னொரு நாள் விடுப்பு எடுக்க வேண்டுமே என்ற எரிச்சல் எங்களுக்கு வந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

நன்றாக விழித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். இருந்தும் கால் தள்ளாடியதால், ஆட்டோ வரை இருவருமாகத் தாங்கிக்கொண்டு நடந்தோம்.

"ரொம்ப கனமா இருக்கேனாப்பா?"

"41 கிலோ," என்றோம்.