12 சென்ரிமீற்றருக்குள் ஒரு கத்தி

வேட்டைக் கத்தி வாங்கப்போற ஆக்கள் கடையில முதலில தூக்கிப் பார்க்கிறது மான்கொம்புப் பிடி போட்டதைத்தான். எனக்கும் அது பார்க்க விருப்பம். மொறிட்ஸ்பூர்க் மாளிகைக்குப் போனவைக்குத் தெரியும்: சக்சனி அரசர்கள் வேட்டைக்குத் தங்கின இடம், சுவர் முழுக்கக் கொம்பு. அந்த அழகு அங்கேயே இருக்கட்டும். உரிக்கிற நேரம் கை முழுக்கக் கொழுப்பும் ரத்தமும். கொம்புப் பிடி வழுக்கும். பிடிக்கும் இரும்புக்கும் இடையில இருக்கிற நீக்கலுக்குள்ள கொழுப்பு அடைஞ்சு நாறும். எனக்கு ரப்பர் பிடிதான், அதுவும் கண்ணைக் குத்துற செம்மஞ்சள். மார்கழியில பின்னேரம் நாலு மணிக்கே காடு இருண்டுபோகும். மண்ணிறப் பிடிக் கத்தியை ஒருக்கா நிலத்தில வைச்சால் பிறகு டோர்ச் அடிச்சுத் தேடவேண்டியதுதான்.

நான் யாக்ட்ஷைன் எடுத்து நாலு வருஷமாகுது. அப்பா 84ல கிழக்கு பேர்லினில விமானம் இறங்கி மேற்குக்குப் போனவர். நான் ஹம் நகரத்தில வளர்ந்து, வேலைக்காக டிரெஸ்டன் வந்தனான். "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வேலை ஏன்?" எண்டு அம்மா கேட்டா. இறைச்சி தின்னுறனான், அது எப்பிடி இறைச்சியாகுது எண்டு தெரிஞ்சிருக்கவேணும் எண்டு சொன்னன். அதுக்கு மேல விளக்கம் என்னட்டயும் இல்ல. (படிக்கேக்க பிடிச்ச ஒரு விஷயம்: இங்க வேட்டைக்காரர் மிருகத்தின்ர ரத்தத்தை ரத்தம் எண்டு சொல்லமாட்டினம். 'ஷ்வைஸ்', அதாவது வியர்வை எண்டுதான் சொல்லுவினம்.)

கத்திக்கு வருவம். மடிக்கிற கத்தி வேண்டாம். மூட்டுக்குள்ள போற அழுக்கு லேசில வெளிய வராது. அலகு 9 தொடக்கம் 11 சென்ரிமீற்றர் போதும். அதைவிட நீளமெண்டால் நுனி எங்க போகுதெண்டு கைக்குத் தெரியாது, குடலில குத்திப்போட்டால் இறைச்சி நாசம். முதுகு மெல்லச் சரிஞ்சு நுனி தாழ்ந்து வாற அலகு நல்லது, வாய்ப்பக்கம் கொஞ்சம் வளைஞ்சிருக்கவேணும். சோலிங்கன் எண்ட பேர் கத்தியில இருந்தால் மதிக்கலாம். அந்தப் பேரை 1938ல இருந்து சட்டம் காக்குது, வேற ஊரில செய்து போட ஏலாது. ஆனால் என்ர கையில இருக்கிறது சுவீடன் மோறா, இருபது ஐரோ அளவில வாங்கினது. துருப்பிடிக்காத உருக்கு, கழுவ லேசு. விலை கூடின கத்தியைத் தீட்டப் பயந்து மொட்டையாய் வைச்சிருக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன்.

உரிக்கத் தெரிஞ்சவர் அப்பா. ஊரில பங்கு இறைச்சி எண்டு, நாலைஞ்சு வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, மரத்தில தூக்கி உரிச்சுப் பங்கு போடுவினம். போன வருஷம் நான் கொண்டுவந்த ரே மானைக் கராஜுக்குள்ள தூக்கினோடன அவர் கையை மடிச்சு விட்டார். பின்னங்காலில ஒரு கீறு, உட்தொடை வழிய ஒரு கீறு, அவ்வளவுதான் கத்தி. பிறகு முஷ்டியைத் தோலுக்கும் தசைக்கும் இடையில விட்டுத் தள்ளிக்கொண்டு போனார். சூடு ஆறாத மான், சட்டை கழட்டின மாதிரி வந்துது. கத்தி கூடப் பாவிக்கிறவன் தோலையும் கெடுப்பான் இறைச்சியையும் கெடுப்பான் எண்டார். காட்டுப்பன்றியில அந்த வித்தை எடுபடாது. தோல் கொழுப்போட ஒட்டினபடி, விரல் விரலாய் வெட்டித்தான் எடுக்கவேணும். அது சேத்தில உருளுற சாமான், மயிருக்குள்ள மண். அதால வெளியில இருந்து வெட்டாமல், தோலுக்குக் கீழ அலகை விட்டு, வாயை மேல பார்க்கவைச்சு வெட்டினால் கூர் நிற்கும். பன்றி இறைச்சிக்கு றிக்கினெல்லா பரிசோதனை கட்டாயம், முடிவு வரும்வரை சட்டி ஏத்தக்கூடாது.

கழுவிறது முதலில குளிர்ந்த தண்ணியில. சுடுதண்ணி பட்டால் ரத்தம் ஒட்டிப்பிடிக்கும். பிறகு சோப்பும் சுடுதண்ணியும். பாத்திரம் கழுவுற மெசினுக்குள்ள போடாதேங்கோ. ஈரத்தோட தோல் உறைக்குள்ள வைச்சால் துருப்பிடிக்கும். 1000 நம்பர் கல்லில ரெண்டு பக்கமும் 20 பாகை அளவு சரிச்சுத் தீட்டி, தோல்பட்டியில இழுத்தால் காணும். எண்ணெய்க்கு அம்மாவின்ர தேங்காயெண்ணெய், சிக்குப்பிடிக்காது. குளிர்காலத்தில போத்திலுக்குள்ள வெண்ணெயாய் இறுகும், விரலால தேய்க்கலாம்.

இதெல்லாம் லேசான பகுதி. என்ர மகனுக்கு 14 வயசு, என்னைவிட ஒரு தலை உயரம். ரெண்டு வருஷமாய் என்னோட நிண்டு உரிக்கிறான். 9 சென்ரிமீற்றர் கத்தி ஒண்டு அவனுக்கெண்டு இருக்கு. அதைச் சைக்கிளில, காட்டோரம் இருக்கிற சிநேகிதன் வீட்டுக்கு மரம் செதுக்கக் கொண்டுபோகக் கேட்டான். ஜேர்மன் சட்டப்படி 12 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட நிலைக்கத்தியும், ஒரு கையால விரிச்சுப் பூட்டுப்படுற மடக்குக் கத்தியும் கொண்டுதிரிய ஏலாது. 2008ல வந்த தடை. 2024 ஓகஸ்டில சோலிங்கன் நகர விழாவில கத்திக்குத்தில மூண்டு பேர் செத்தாப்பிறகு, அந்த ஒக்ரோபர் கடைசியில இருந்து பொது விழாக்களில நீளம் எதுவாயிருந்தாலும் கத்தி கூடாது. ஸ்ட்ரீட்சல்மார்க்ட்டுக்குப் போறவை ஜாக்கெட் பொக்கற்றைப் பார்த்துப் போங்கோ.

மகன் சட்டத்தை வாசிச்சுப்போட்டு வந்துதான் கேட்டவன். "அம்மா, 9 தானே. லூக்காஸ் கொண்டுவாறான்."

சட்டம் ஓம் எண்டுது, நான் இல்லை எண்டன். ஏனெண்டு கேட்டான். அளவு ஒண்டுதான், ஆனால் உன்ர பையைத் திறந்து பார்க்கிற ஆளுக்கு முதலில தெரியிறது உன்ர முகம் எண்டு சொன்னன். வேறமாதிரிச் சுத்திச் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. கொஞ்சநேரம் பேசாமல் நிண்டுபோட்டு, "அப்ப நீங்களும் அவங்களை மாதிரித்தானே யோசிக்கிறீங்கள்" எண்டான். அது சுட்டது. "அவன்ர பக்கமும் ஞாயம் இருக்கு பிள்ளை" எண்டார் அப்பா, அவனுக்குக் கேட்கத்தக்கதாய்.

16 வயசில இளையோர் வேட்டை அனுமதி எடுக்கலாம். அவன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். அது வந்தாலும், காட்டுக்குப் போய்ச்சேரும்வரை கத்தி பூட்டுப்பெட்டிக்குள்ளதான் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அதுக்கு அவன் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல.