திறக்காத பெட்டிகள்

நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் நகரில், என் தம்பி வீட்டு மாடியறையில் ஒரு சுவரலமாரி இருக்கிறது. சட்டை மாட்டும் கம்பியைக் கழற்றிவிட்டு மரத்தட்டுகள் அடித்திருக்கிறான். தட்டுகளில் அக்ரிலிக் கூடுகளுக்குள், செங்கல்லைவிடச் சற்றே பெரிய அட்டைப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் மேலும் தொழிற்சாலையில் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. மூலையில் ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்று. 2025 மே மாதம் கல்லூரி விடுமுறையில் முதன்முறையாக அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். என் துணிகளை வைக்க இடம் தேடி அந்த அலமாரியைத் திறந்து, கையை நீட்டிவிட்டேன்.

"அக்கா, தொடாத!"

திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றவனுக்கு வயது நாற்பத்துநான்கு. ஆனால் அந்தக் குரல், பாளையங்கோட்டை வீட்டில் பிஸ்கட் டப்பா ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற எட்டு வயதுப் பையனுடையது. அந்த டப்பாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன் என்றும் கொள்ளலாம்.

பெட்டிகளில் இருப்பவை பேஸ்பால் அட்டைகள். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம். பின்பக்கம் அவர் பிறந்த ஊர், உயரம், ஆண்டுவாரியாக அவர் எடுத்த ஓட்டங்கள். உள்ளங்கையளவு காகிதம்தான். மகள் பிறந்த 2010ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கொரு பெட்டியாக வாங்கிச் சேர்த்திருக்கிறான். டாப்ஸ் நிறுவனம் அந்தந்த ஆண்டின் அட்டைகள் முழுவதையும் ஒன்றாக அடுக்கி மூடி விற்கும் தொகுப்புப் பெட்டி அது. அவற்றோடு, உள்ளே எந்த ஆட்டக்காரர் வருவார் என்று தெரியாத பொட்டலங்கள் அடங்கிய பெட்டிகளும் சில. இத்தனை ஆண்டுகளில் ஒன்றைக்கூட அவன் திறக்கவில்லை. மகளையும் திறக்க விடவில்லை.

இலக்கியம் படித்தவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. படிக்காமலே வைத்திருக்கும் புத்தகம்போல அல்லவா இது என்று கேட்டேன். அவன் சிரிக்காமல் விளக்கினான். பத்து நாட்கள் மாலை நடையில் அவன் சொன்ன கதை, நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது.

*

இந்த அட்டைகள் முதலில் சிகரெட் பெட்டிகளுக்குள் வந்தவை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலை நிறுவனம் வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் ஆட்டக்காரரின் அட்டை மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. புகையிலைக்குப் பின் அட்டையைச் சுமந்தது சூயிங்கம். புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் நிறுவனம் 1952இல் 407 அட்டைகள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தவர் சை பெர்கர் என்ற ஊழியர். அவ்வரிசையின் பிற்பகுதி, ஆட்டப்பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் விற்கவில்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிப் போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் பெர்கரே சொன்னார். மிக்கி மேண்டிலின் 311ஆம் எண் அட்டையும் அந்தப் பிற்பகுதியைச் சேர்ந்ததுதான். கடலுக்குப் போகாமல் தப்பிய மேண்டில் அட்டைகளுள் ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இதைக் கேட்டபோது எனக்கு ஆடிப்பெருக்கு நினைவுக்கு வந்தது. பழைய ஏட்டுச்சுவடிகளைப் பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றில் விட்ட நம்மவர்கள், அதைப் பாவமென்று எண்ணிச் செய்யவில்லை. சடங்கென்று எண்ணிச் செய்தார்கள். பெர்கர் கிடங்கைக் காலி செய்ய நினைத்தார். இருவரும் கெட்ட எண்ணம் இல்லாதவர்கள். அழிவு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

கடலில் போகாதவற்றை அமெரிக்கத் தாய்மார்கள் குப்பையில் போட்டார்களாம். மகன் கல்லூரிக்கோ பட்டாளத்துக்கோ போனதும், அவன் அறையைச் சுத்தம் செய்து காலணிப் பெட்டியோடு அட்டைகளை எறிந்துவிடுவார்கள். அந்தத் தலைமுறை ஆண்கள் பலரும் சொல்லும் கதை இது என்றான் தம்பி. "அம்மாக்கள் தூக்கிப்போட்டதாலதான் அக்கா மிச்சத்துக்கு இவ்வளவு விலை." நான் நடையைச் சற்று விரைவாக்கினேன்.

பழைய அட்டைகளின் விலை ஏறியதைப் பார்த்த மக்கள், எண்பதுகளின் இறுதியில் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் அடுக்கினார்கள். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகுமென்று நம்பினார்கள். நிறுவனங்களும் கணக்கின்றி அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பாதுகாத்த பொருளுக்கு எங்கிருந்து விலை வரும்? 1994இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அவ்வாண்டின் உலகத் தொடரே நின்றுபோனது. சந்தையும் சரிந்தது. அன்று மூடி வைத்த பெட்டிகள் பலவற்றை இன்றும் வாங்கிய விலைக்கே கேட்கிறார்கள்.

அதன்பின் நிறுவனங்கள் அருமையைத் தாமே உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டன. கையெழுத்திட்ட அட்டை, ஆட்டக்காரரின் சட்டைத் துணித்துண்டைப் பதித்த அட்டை, உலகிலேயே ஒன்று மட்டும் அச்சிட்ட அட்டை என்று பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்தன. பிட்ஸ்பர்க் அணியின் பால் ஸ்கீன்ஸ் தம் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் ஒட்டுத்துண்டு பதித்த ஒரே அட்டை, 2024 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த பதினொரு வயதுப் பையன் பிரித்த பொட்டலத்தில் கிடைத்தது. 2025 மார்ச்சில் அது 11.1 லட்சம் டாலருக்கு விற்றது. ஆகவே மூடிய பெட்டியின் விலை உள்ளே இருப்பதன் விலை அல்ல. உள்ளே இருக்கக்கூடியதன் விலை. திறந்த கணமே அது வெறும் அட்டைக்கட்டு ஆகிவிடும்.

*

பாதுகாக்கும் முறைகளையும் கற்பித்தான். நிலவறையில் வைத்தால் ஈரம். கூரையடியில் வைத்தால் வெப்பம். ஆகவே வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரி. ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டினால் பளபளப்பான அட்டைகள் வில்லாக வளையும். பூச்சு மிகுந்தவை ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிடும். வெயில் பட்டால் நிறம் வெளிறும். ஒன்றன்மேல் ஒன்றாக உயர அடுக்கினால் அடிப்பெட்டியின் மூலை நசுங்கும். காக்க வேண்டிய பிளாஸ்டிக் உறையே நாளடைவில் இறுகிப் பெட்டியை நெரிப்பதும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம்வரை பொட்டலத்தோடு சூயிங்கமும் வந்தது. அதன் கறை பழைய அட்டைகளின் முதுகில் படிந்திருக்கும்.

இன்னொன்றும் சொன்னான். சில பொட்டலங்களில் அட்டைக்குப் பதிலாக ஒரு சீட்டு இருக்கும். அதை அனுப்பினால் கையெழுத்திட்ட அட்டை வரும். அந்தச் சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. பிரிக்காமல் வைத்திருக்கும் பெட்டிக்குள்ளேயே அது செல்லாமல் போயிருக்கும். "அப்போ நீ காப்பாத்துறது எதைடா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

என் தொழில் சார்ந்த நினைவு ஒன்று உடனிருந்தது. ஓலைச்சுவடி பிழைத்தது தொட்டதால்தான். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, பிரித்துப் படித்து, நைந்துபோகும் முன் வேறோர் ஓலையில் படியெடுத்ததால்தான் நூல்கள் நம் கைக்கு வந்தன. தொடாத சுவடியைச் செல் தின்றது. இங்கோ தொட்டால் போயிற்று. அங்கே நூல் வேறு, ஓலை வேறு. இங்கே ஓலைதான் எல்லாம்.

இந்தச் சேகரிப்புக் கலையின் முன்னோடியான ஜெபர்சன் பர்டிக் வேறு மாதிரி மனிதர். சிராக்யூஸ் நகரத்துத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் கை முடங்கியவர். பேஸ்பால் அட்டைகள் முப்பதாயிரத்துக்கும் மேலாக உள்ளடங்கிய மூன்று லட்சத்துக்கும் அதிகமான அச்சுப்பொருள்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தொகுத்து ஏடுகளில் ஒட்டினார். 1963இல் பணியை முடித்தார், அவ்வாண்டே இறந்தார். "பசை போட்டா ஒட்டினார்?" என்று என் மருமகள் கேட்டபோது தம்பி வலியெடுத்தவன்போல முகத்தைச் சுளித்தான்.

*

நான் போவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு அவனுக்கு வேலை போயிருந்தது. எனக்கு அதைச் சொல்லவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கீழறைக்குப் போய்க் கணினி முன் உட்கார்வான்; வீட்டிலிருந்தே வேலை என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரத்தில்தான் நாத்தனார் என்ற உரிமையோடு அவன் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வீட்டுத் தவணைக்காக ஒரு பெட்டியை விற்பதென்று முடிவு செய்திருந்தான். 2011ஆம் ஆண்டின் 'அப்டேட்' வரிசைப் பெட்டி. மைக் டிரவுட்டின் புகழ்பெற்ற ரூக்கி அட்டை அந்த வரிசையில் வந்தது. டிரவுட் அதே நியூ ஜெர்சியின் மில்வில் ஊர்ப் பையன். மூன்று முறை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். பிரிக்காத அந்தப் பெட்டி ஆயிரக்கணக்கான டாலர் பெறும். 2017இல் இணையத்தில் ஒரு தனிநபரிடம், மனைவிக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறான்.

அட்டைக்கடைக்காரர் விளக்கடியில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையின் மடிப்பும் சூட்டில் ஒட்டிய கோடும் நிறுவனத்தினுடையவை அல்ல என்றார். யாரோ திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி சுற்றியிருக்கிறார்கள். மூடிய பெட்டிகளில் இப்படி நடப்பது புதிதல்ல. 35 லட்சம் டாலருக்கு வாங்கிய போகிமான் அட்டைப்பெட்டி ஒன்றை 2022இல் திறந்தபோது உள்ளே வேறு பொம்மை அட்டைகள் இருந்த செய்தி அங்கே எல்லோருக்கும் தெரியும். தம்பிக்கு விற்ற ஆளின் பெயர் இப்போது அந்தத் தளத்தில் இல்லை.

வீடு திரும்பும்வரை காரில் யாரும் பேசவில்லை. சாப்பாட்டு மேசைமேல் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். என் மருமகள்தான் மெல்லக் கேட்டாள்.

"அப்பா, அப்போ இதை இனிமே திறக்கலாம்தானே?"

அவன் அவளை நெடுநேரம் பார்த்தான். பிறகு சமையலறையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்துவந்து அவளிடமே கொடுத்தான்.

முப்பத்தாறு பொட்டலங்கள். சிலவற்றின் பின்தையலில் பசைக்கோடு தெரிந்தது. டிரவுட் இல்லை. 330 அட்டைகள் கொண்ட வரிசையில், ஒழுங்காக மூடிய பெட்டியிலும் அவர் வராமல் போகலாம். ஆகவே அதுமட்டும் எதற்கும் சான்றாகாது. பெண்ணுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அட்டைகளை அணிவாரியாகப் பிரித்தாள். பின்பக்கங்களைப் படித்தாள். யார் எந்த ஊர், யார் இடக்கைக்காரர் என்று உரக்கச் சொன்னாள். பதினைந்து ஆண்டுகளாக அந்த வீட்டில் சேர்ந்திருந்த அட்டைகளை யாரோ ஒருவர் படித்தது அன்றுதான். சிறிது நேரத்தில் தம்பியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, என் பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்கா? வீடு மாத்தும்போது தொலைஞ்சுபோச்சே."

தொலையவில்லை. சூயிங்கம் பொட்டலங்களில் வந்த கிரிக்கெட் வீரர் படங்களை அவன் மூன்று ஆண்டுகள் சேர்த்த டப்பா அது. 1993இல் வீடு மாறியபோது, படங்களைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே செருகி எடைக்குப் போட்டவள் நான். வந்த காசில், நடைபாதைக் கடையில் பார்த்து வைத்திருந்த நாவல் ஒன்றை வாங்கினேன். அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதான். ஆட்டோவில் விழுந்திருக்கும் என்றேன். தமிழ் படிக்கப் போனதற்கு அந்த நாவலும் ஒரு காரணம் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். எப்படி வாங்கினேன் என்று சொன்னதில்லை.

அன்று சொன்னேன். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"எவ்வளவு கிடைச்சுது?"

"மொத்தப் பேப்பருக்கும் பதினொரு ரூபா."

"அதுல கபில்தேவ் ரெண்டு இருந்தது" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி மகளருகே உட்கார்ந்தான்.

அவன் ஏன் எதையும் திறக்காமல் வைத்திருந்தான் என்பதற்கு நானே காரணம் என்று சொல்லிக்கொள்வது ஒருவகையில் தற்பெருமை. மனிதர்கள் அவ்வளவு எளிமையானவர்கள் அல்லர். ஆனாலும் அந்த அலமாரியின் முன் நிற்கும்போதெல்லாம் அந்த எண்ணம் வராமலில்லை.

மற்றப் பெட்டிகள் இன்னும் மூடியே இருக்கின்றன. 2010ஆம் ஆண்டுப் பெட்டியை மட்டும் மருமகள் தன் மேசைக்கு எடுத்துப்போனாள். எப்போது திறப்பது என்பதை அவளே முடிவு செய்வாளாம். ஆகஸ்டில் தம்பிக்கு வேறு வேலை கிடைத்தது, முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில்.

புறப்படும்போது அந்தப் போலிப் பெட்டியிலிருந்து பெயர் பெறாத ஆட்டக்காரர் ஒருவரின் அட்டையை எனக்குத் தந்தான். சென்ற வாரம் தொலைபேசியில், "அட்டையை எப்படி வச்சிருக்க?" என்று கேட்டான். பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வாய்வந்தது. பாடக்குறிப்பேட்டில் அடையாளத்துக்கு வைத்து, தினமும் வகுப்புக்குக் கொண்டுபோகிறேன் என்ற உண்மையைச் சொன்னேன்.

"மூலை மழுங்கியிருக்குமே?"

"மழுங்கிடுச்சுடா."

அட்டைகளின் நிலையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிடும் நிறுவனங்கள் அங்கே உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"அப்போ பத்துக்கு நாலுதான் அக்கா போடுவாங்க."

எங்கள் கல்லூரிக் கணக்கில் அது தேர்ச்சி மதிப்பெண் என்றேன்.