டேலி ஆன சூடு!

மச்சினனுக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். கிராபிக்ஸ் கார்டோடு வந்த விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரைகிறதென்று கழற்றிவிட்டு, ரிச்சி தெருவில் வாங்கிய பெரிய கூலரை மாட்டினான். சத்தம் போச்சு. கூடவே படமும் போச்சு! எடிட்டிங் ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் திரை இருட்டு. மறுநாள் காலை பெண் வீட்டாருக்கு வீடியோ தந்தாகணும். மீதிப் பணம் அப்போதுதான்.

பவர் ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். கார்டைக் கழற்றி மாட்டினான். பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாய்த் தடவினான். ம்ஹூம்!

"சூடு 60 டிகிரிதான் மாமா காட்டுது. எல்லாம் கரெக்ட்டா இருக்கே!"

நான் பி.காம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும், எழுதாமலே விட்ட கணக்கு அதில் தெரியாது. "அது எதோட சூடுடா?" என்றேன்.

நடுவிலிருக்கும் பெரிய சிப்பின் சூடாம். சுற்றியிருக்கும் மெமரி சிப்புகளும், கரண்ட்டை அளந்து கொடுக்கும் குட்டி சிப்புகளும் கணக்கிலேயே வரவில்லை. பழைய கூலர், மெத்தென்ற பட்டைகளை வைத்து அவற்றின் மேலும் அழுத்தி உட்கார்ந்திருந்தது. புதுசு பெரியவரை மட்டும்தான் தொட்டது. மற்றவர்களுக்கு ஒட்டவேண்டிய அலுமினிய வில்லைகள் அட்டைப்பெட்டியின் அடியில், கவர்கூடப் பிரிக்காமல்!

ஸ்பிரிட்டால் துடைத்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். ராத்திரி 2 மணிக்குத் திரை இருட்டாகாமல் மாப்பிள்ளை தாலி கட்டினார்.

காலையில் வீடியோ போய்விட்டது. மீதிப் பணம்தான் வரவில்லை. பெண்ணோட சித்தப்பா ஊரிலிருந்து வரணுமாம்.