முற்றும் தீர்ந்த பின்னரே

அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு பனியன் கம்பெனியின் காவலர் அறையில் 2005 முதல் எங்கள் வாசகம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது: 'மின்கலம் முற்றும் தீர்ந்த பின்னரே மின்னேற்றம் செய்க.' நாங்கள் என்பது தமிழ் விரிவுரையாளர்களான கணவனும் மனைவியும். கம்பெனி உறவினருடையது. கலமா, கலனா என்று ஒரு மாலை முழுவதும் வழக்காடிய நாங்கள், சொல்லவந்த செய்தி சரிதானா என்று அரை நிமிடமும் யோசிக்கவில்லை.

அன்றைக்கு அது ஓரளவு சரிதான். அப்போதைய வாக்கி டாக்கிகளில் இருந்தவை நிக்கல் காட்மியம் மின்கலங்கள். பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப ஏற்றினால் அவற்றின் மின்னழுத்தம் விரைவில் சரியக்கூடும். 'நினைவு விளைவு' என்பார்கள். ஆகவே எப்போதாவது ஒருமுறை தீரவிட்டு ஏற்றுவது வழக்கம். (ஒவ்வொரு முறையும் வேண்டியதில்லை, 'பின்னரே' என்பதன் ஏகாரம் எங்கள் கைங்கரியம்.) 2012-இல் மின்வெட்டு உச்சத்திலிருந்தபோது வேறொரு தொல்லை. நேரத்தைக் கணக்கிட்டு ஏற்றும் சார்ஜர், மின்சாரம் திரும்பும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். நிறைந்த கலத்தில் மேலும் ஏற்றி ஏற்றி, கலங்கள் சூடேறிக் கெட்டன.

2016-இல் கருவிகள் மாறின. லித்தியம் அயனி வந்தது. வாசகம் மாறவில்லை. லித்தியத்தை ஒவ்வொரு முறையும் அடியோடு தீரவிடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். அதற்கு மற்றொரு பகை வெப்பம்; பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் ஏற்றலாகாது. சார்ஜர் இருந்ததோ அயர்னிங் பகுதியின் சுவரலமாரியில், நீராவிக்கு நடுவே. போதாததற்கு, பஞ்சுத்தூசி படிந்த உலோக முனைகள்.

2019-இல் ஒரு நள்ளிரவு, பனியன் வேஸ்ட் மூட்டையொன்றிலிருந்து புகை கிளம்பியது. பின்வாசல் காவலர் முன்வாசலை அழைத்தார். கருவி 'பீப்' என்று ஒருமுறை ஒலித்து அணைந்துபோனது. அறுபதைக் கடந்த அவர் கம்பெனியைச் சுற்றி ஓடிச்சென்று ஆட்களை எழுப்பினார். தீ பரவவில்லை. ஆனால் சார்ஜ் போடாமல் தூங்கிவிட்டார் என்று ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

"தீந்தாத்தான் போடோணும்னு எழுதியிருக்குதுங்களே சார்" என்று அவர் எங்களிடம் சொன்னபோதுதான் உறைத்தது. கருவியோடு வந்த கையேட்டை அன்றிரவுதான் முதன்முதலாகப் படித்தோம். மறுநாள் உறவினரிடம் பேசினோம். சம்பளம் திரும்பக் கிடைத்தது. சார்ஜர் காவலர் அறைக்கு வந்தது.

புதிதாக எழுதினோம்: 'பாதி இருக்கும்போதே சார்ஜ் போடலாம். போடும்போது செட்டை ஆஃப் செய்யவும். முனையில் பஞ்சு இருந்தால் காய்ந்த துணியால் துடைக்கவும்.' கீழே தேதியும் இட்டோம்.

பழையதை எழுதியவர்கள் நாங்களே என்று அவருக்குத் தெரியாது. சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"படிச்சவங்க எழுதுனதுன்னுதானுங்க நம்புனேன்" என்றார். புதிய தாளை அவரே ஒட்டினார்.